ஊர்வாயும் ராணிமார்களும்

திண்டுக்கல் பஸ் நிலையத்தில் 1997-ஆம் வருஷத்துக்கு முன்பு பிரயாணத்துக்காகக் காத்து நின்றவர்கள் ஒரு ராணியின் பெயரை நாள்தோறும் படித்தவர்களேயாவர். இந்நகரைத் தலைமையிடமாகக் கொண்டு ஓடிய சர்க்கார் பஸ்களில் 'ராணி மங்கம்மாள்' என்ற பெயர் எழுதப்பட்டிருந்தது. அவ்வருஷத்தில் நமது மாகாணத்துப் போக்குவரத்துக் கழகங்களிலிருந்து தலைவர்களின் பெயர்களெல்லாம் நீக்கப்பட்டபொழுது இப்பெயரும் நீங்கிற்று. எனினும் திண்டுக்கல் சமவெளியில் முதியோர் பலருடைய வாயில் அப்பெயர் இன்றும் மரியாதையோடு வழங்குகிறது.

இந்த மரியாதை அவ்வம்மையாருக்கு எளிதில் கிடைத்ததன்று. மதுரைச் சொக்கநாத நாயக்கரின் மனைவியாகிய மங்கம்மாள், கணவரையும் பின்னர் மகனையும் இழந்து, கைக்குழந்தையான பேரனுக்காக 1689-ஆம் வருஷத்தில் ராஜ்யபாரத்தை ஏற்றார். திண்டுக்கல் சீமை அப்பொழுது மதுரை ராஜ்யத்தைச் சேர்ந்தது. பதினைந்து வருஷத்துக்கு மேல் அவர் ஆண்டார். சாலைகளும் சத்திரங்களும் சமைத்தார். ஆயினும் ஊர்வாய் அவரை விட்டதா? அமைச்சர் ஒருவரோடு சேர்த்துப் பேசிற்று. அவர் செய்த தர்மத்துக்குக்கூட ஒரு பழியையே காரணமாகக் கற்பித்தது. ஒரு நாள் மறதியாக இடக்கையால் வெற்றிலை போட்டுக்கொண்டாராம்; அத்தோஷம் நீங்கவே சாலையும் சத்திரமும் அமைத்தாராம்! ஆடவன் ஒருவன் சாலை போட்டால் அது ராஜ தர்மம். விதவை ஒருத்தி போட்டால் அது பிராயச்சித்தம். கடைசிக் காலத்தில் அவர் சிறையில் அடைக்கப்பட்டுப் பட்டினியால் மடிந்தார் என்று கர்ண பரம்பரை கூறுகிறது. பிற்காலத்தாரோ பழியை மறந்து பணியை நினைத்தனர். தெற்கே பல சாலைகள் 'மங்கம்மாள் சாலை' என்றே பெயர் பெற்றன.

ஊர்வாய்க்கு இரையான அரச குடும்பத்துப் பெண் ஒருத்தி, முந்நூறு வருஷம் காத்திராமல் தமது ஆயுளிலேயே நற்பெயர் பெற்ற சரித்திரமும் ஒன்று உண்டு. அது இங்கிலாந்தில், நமது கண் முன்னே நிகழ்ந்தது. அரசர் மூன்றாம் சார்ல்ஸின் இரண்டாவது மனைவி கமில்லாவைப் பற்றியே கூறுகிறோம். அத்தேசத்து முடியாட்சியில் நமக்கு யாதொரு அபிமானமும் இல்லை என்பதைச் சொல்லவேண்டியதில்லை. ஆனால், பொதுஜன அபிப்பிராயம் எவ்வாறு திரும்புகிறது, யாரால் திருப்பப்படுகிறது என்பதைப் பொதுவாழ்வில் ஈடுபட்டோர் அவசியம் அறிந்திருக்க வேண்டும். அக்கருத்துடனேயே இவ்விஷயத்தை எடுத்துக்கொள்கிறோம்.

சார்ல்ஸ் 1981-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் டயானாவை மணந்தார். கமில்லா அதற்கு எட்டு வருஷம் முன்னதாகவே, 1973-இல், வேறொருவரை மணந்திருந்தார். ஆனால் சார்ல்ஸுக்கும் கமில்லாவுக்கும் இருந்த பழைய நட்பு இரண்டு குடும்பங்களையும் குலைத்தது. 1992-ஆம் வருஷ முடிவில் சார்ல்ஸும் டயானாவும் பிரிந்து வாழ்வதாக அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே, சார்ல்ஸும் கமில்லாவும் அந்தரங்கமாகப் பேசிய டெலிபோன் சம்பாஷணை பத்திரிகைகளில் வெளியாயிற்று. 1994-இல் சார்ல்ஸ் தாமே டெலிவிஷனில் தமது தவறை ஒப்புக்கொண்டார். 1995 நவம்பரில் டயானாவும் டெலிவிஷனில் தோன்றித் தமது தாம்பத்தியத்தில் மூன்றாமவர் ஒருவர் இருந்ததை உலகறியச் சொன்னார். 1996-இல் விவாகரத்து ஏற்பட்டது. 1997 ஆகஸ்டு 31-ஆம் தேதி பாரிஸ் நகரில் மோட்டார் விபத்தில் டயானா மாண்டார்.

அன்று இங்கிலாந்தில் எழுந்த துக்கமும் கோபமும் சொல்லுந்தரமல்ல. அரண்மனை வாயில்களில் மலர்கள் குன்றுபோல் குவிந்தன. கோபத்துக்கு ஓர் இலக்கு வேண்டுமல்லவா? அது கமில்லாவாக அமைந்தது. பத்திரிகைகள் அவருடைய முகத்தையும் உடையையும் வயதையும் கூடப் பரிகசித்தன. தவறு இருவருடையது, மண விரதத்தை இருவருமே மீறினர். ஆனால் ஆடவர் பட்டத்துக்குரியவராகவே இருந்தார். வசையின் பெரும் பங்கு பெண்ணின் தலையில் விழுந்தது. இது லண்டனுக்கு மட்டும் உரிய வழக்கம் என்று நாம் எண்ணிவிட வேண்டாம்.

அதன் பின் நடந்தவற்றைக் கவனிப்போம். 1999 ஜனவரியில் சார்ல்ஸும் கமில்லாவும் லண்டனில் ஒரு ஹோட்டல் வாயிலில், படம் பிடிப்போர் காத்திருக்க, முதன்முதலாகச் சேர்ந்து வெளிவந்தனர். அது தற்செயலாக நிகழ்ந்ததன்று. சார்ல்ஸின் காரியாலயத்தில் மார்க் போலண்ட் முதலிய அதிகாரிகள், கமில்லாவை ஜனங்கள் சிறிது சிறிதாக ஏற்கும்படி செய்வதையே ஒரு வேலையாகக் கொண்டிருந்தனர். எலும்பு தேயும் நோயால் வருந்தி மாண்ட தம் தாயின் நினைவாகக் கமில்லா அந்நோய்க்கான சங்கத்தில் பணியாற்றி, 2001-இல் அதன் தலைவரானார். விவாகரத்துப் பெற்றவர்கள், முதல் துணை உயிருடனிருக்கையிலேயே சில சந்தர்ப்பங்களில் ஆலயத்தில் மறுமணம் செய்துகொள்ளலாம் என்று 2002-இல் இங்கிலாந்துத் திருச்சபை இசைந்தது. விவாகரத்துப் பெற்ற பெண்ணை மணப்பதற்காக எட்டாம் எட்வர்டு 1936-இல் முடியையே துறந்ததை எண்ணினால், காலம் எவ்வளவு மாறிற்று என்பது விளங்கும்.

2005 ஏப்ரல் 9-ஆம் தேதி விண்ட்ஸர் நகர மண்டபத்தில் பதிவு மணம் நடந்தது. எலிஸபெத் ராணி அதற்குச் செல்லவில்லை. பின்னர் ஆலயத்தில் நடந்த ஆசீர்வாதத்துக்கே சென்றார். அங்கே மணமக்கள் தங்கள் பாவங்களை ஒப்புக்கொள்ளும் பிரார்த்தனையையும் கூறினர். டயானா வகித்த 'வேல்ஸ் இளவரசி' என்ற பட்டத்தைக் கமில்லா வழங்கிக்கொள்ளவில்லை. சார்ல்ஸ் அரசரானாலும் இவர் 'ராணி' எனப்பட மாட்டார் என்றும் அறிவிக்கப்பட்டது. கமில்லா ராணியாவதைப் பெரும்பாலோர் விரும்பவில்லை என்றே அக்காலத்து அபிப்பிராயக் கணிப்புகள் காட்டின.

பதினேழு வருஷங்கள் சென்றன. 2022 பிப்ரவரியில், தாம் பட்டத்துக்கு வந்த எழுபதாம் ஆண்டு நிறைவில், கமில்லாவை ராணி என்றே ஜனங்கள் ஏற்க வேண்டும் என்பது தமது விருப்பம் என எலிஸபெத் தெரிவித்தார். அவ்வருஷம் செப்டம்பரில் அவர் காலமானார். 2023 மே 6-ஆம் தேதி கமில்லா முடி சூட்டப்பெற்றார். 2024-இல் அரசருக்குப் புற்றுநோய் என்று அறிவித்தபோது, இவரே பல நிகழ்ச்சிகளுக்குச் சென்று கடமைகளை நடத்தினார். டயானாவை மறவாதவர்கள் இன்றும் பலர் உண்டு. எனினும் பழைய வெறுப்பின் வேகம் தணிந்துவிட்டது என்பதில் ஐயமில்லை.

இம்மாறுதலுக்குக் காரணம் என்ன? கமில்லா வசைக்கு வசை கூறாமல் மௌனமாக இருந்ததும், வீட்டுக்குள் அடிபடும் பெண்களுக்காகவும் பலாத்காரத்துக்கு ஆளானோருக்காகவும் குழந்தைகளின் படிப்புக்காகவும் வருஷக்கணக்கில் உழைத்ததும் மெய்யே. அந்த உழைப்பை நாம் குறைத்துச் சொல்லோம். ஆனால் உழைப்பு மட்டும் போதுமா? அவ்வுழைப்பை ஜனங்கள் காணும்படி செய்ய ஓர் அரண்மனையும், அதன் பொக்கிஷமும், தேர்ந்த அதிகாரிகளும் இருந்தனர். முன்பு வசை பாடிய அதே பத்திரிகைகள் பின்பு வாழ்த்துப் பாடின. டயானாவின் 1995-ஆம் வருஷப் பேட்டியைப் பெறுவதற்கே பி.பி.சி. நிருபர் வஞ்சக முறைகளைக் கையாண்டார் என்று 2021-இல் விசாரணை செய்த டைஸன் பிரபு முடிவு கூறினார். ஆகவே, ஜனங்கள் வெறுத்ததும் ஒருவர் காட்டியதைக் கண்டே. விரும்பியதும் ஒருவர் காட்டியதைக் கண்டே.

இனி, கமில்லா சூடிய முடியைப் பார்ப்போம். அது 1911-இல் மேரி ராணிக்காகச் செய்யப்பட்டது. அவ்வருஷ முடிவில் டில்லி தர்பாருக்கு வந்தாரே, அதே மேரி ராணிதான். அம்முடியில் அப்பொழுது கோஹினூர் வைரம் பதித்திருந்தது. 2023-இல் கமில்லா அதைச் சூடிய சமயம் கோஹினூர் இல்லை. வேறு வைரங்களே இருந்தன. பாரத தேசம் அவ்வைரத்தைத் திருப்பிக் கேட்டு வருவதை அரண்மனையார் அறிவார்கள். கமில்லா மீது மீண்டும் ஒரு பழி வராதிருக்க அந்த வைரத்தை விலக்கி வைத்ததே உசிதம் என்பது எவருக்கும் தெரியும்.

அந்த வைரம் யாரிடமிருந்து போயிற்று? பஞ்சாப் சிங்கம் ரஞ்சித் சிங்கின் மகன் துலீப் சிங்கிடமிருந்து, 1849-இல், பத்து வயதுப் பாலகனாயிருக்கையில் பறிக்கப்பட்டது. அப்பாலகனின் தாய் ராணி ஜிந்தான் கௌர். இவரும் ஓர் அரசரின் பிந்திய மனைவியே. ரஞ்சித் சிங் 1835-இல் மணந்தவர். கணவர் 1839-இல் இறந்தார். 1843 முதல் மகனுக்காக ஜிந்தான் ராஜ்யத்தை நடத்தினார். கம்பெனியாருக்கு அடங்கி நடக்க அவர் மறுத்தார். அந்தக் குற்றத்துக்காக வெள்ளை அதிகாரிகள் அவரை நடத்தை கெட்டவள் என்று தூற்றினர்; ரோமாபுரியில் இழிபெயர் பெற்ற மெஸ்ஸலினாவின் பெயரை அவருக்குச் சூட்டினர். தாயின் நடத்தை மகனைக் கெடுக்கும் என்ற சாக்கில் 1847-இல் இருவரையும் பிரித்தனர். ஷேக்குபுராவிலும் பின்னர் சுனார் கோட்டையிலும் அவரைச் சிறை வைத்தனர். 1849-இல் வேலைக்காரியின் வேஷத்தில் அக்கோட்டையிலிருந்து தப்பி அவர் நேபாளம் சேர்ந்தார். மகனை மீண்டும் கண்டது 1861-இல், கல்கத்தாவில். 1863-இல் லண்டனில் இறந்தார். அவருடைய உடலைப் பஞ்சாபில் தகனம் செய்யவும் அனுமதி கிட்டவில்லை. நாசிக்கில் தகனம் நடந்தது. 1924-இல்தான் பேத்தி பம்பாவின் முயற்சியால் அஸ்தி லாகூரில் ரஞ்சித் சிங்கின் சமாதியைச் சென்றடைந்தது.

இந்த இரு பெண்களையும் அருகருகே வைத்துப் பாருங்கள். இங்கிலாந்து, தன் ராணியின் பழியைத் துடைக்க இருபத்தைந்து வருஷம் பாடுபட்டது; நம் ராணியின் மீது தானே பழியைப் பூசி, அப்பழியைக் காட்டி ஒரு ராஜ்யத்தையே விழுங்கிற்று. ஜிந்தானுக்காகப் பேச ஒரு காரியாலயம் இல்லை, ஒரு பத்திரிகை இல்லை. சுதந்திரம் பெற்ற பாரத தேசத்தின் சரித்திராசிரியர்கள் எழுந்து பழைய கடிதங்களைப் பரிசீலித்த பிறகே, அவரை வீரத்தாய் என்று நாம் அறிந்தோம். பெண்ணின் ஒழுக்கத்தைப் பற்றிய வம்பு அநேக சமயங்களில் ஒழுக்கத்தைப் பற்றியதே அன்று, அதிகாரத்தைப் பற்றியது. ராஜ்யம் வேண்டியவன் முதலில் ராணியின் பெயரைக் கெடுக்கிறான்.

இவ்வளவும் திண்டுக்கல் வாசகர்களுக்கு எதற்காக என்று கேட்கலாம். நமது மாகாணத்தில் ஸ்தல ஸ்தாபனங்களில் பாதி ஸ்தானங்கள் பெண்களுக்கு உரியவை என்று 2016-இல் சட்டம் செய்யப்பட்டது. நகர மன்றத்திலும் கிராமப் பஞ்சாயத்திலும் பெண்கள் அமர்ந்து வரவு செலவு பார்க்கிறார்கள். அவர்களை எதிர்க்க வேண்டுமானால் எதிர்ப்பதற்கு விஷயமா இல்லை? குடிதண்ணீர் வரவில்லை என்று கேட்கலாம். சாக்கடை தூர்வாராததைக் கேட்கலாம். ஒப்பந்தக் கணக்கைக் கேட்கலாம். அவற்றை விட்டு, மேடையேறியவுடன் அவள் யாருக்கு எத்தனையாவது தாரம், யாரோடு எங்கே பேசிக்கொண்டிருந்தாள் என்று துவங்கும் பேச்சாளர்கள் எக்கட்சியிலும் இல்லாமலில்லை. கைதட்டுவோரும் இருக்கிறார்கள். கைதட்டுவோரில் நம்மவரும் உளர் என்பதே நமது வருத்தம். எதிர்க்கட்சிப் பெண்ணைத் தூற்றும்போது சும்மா இருந்தவர், தம் கட்சிப் பெண்ணைத் தூற்றும்போது எந்த முகத்தோடு ஆட்சேபிப்பார்?

பொது ஊழியர்களுக்கு நாம் சொல்லக்கூடியது இதுதான்: ஒரு பெண்ணைப் பற்றிய வசை காதில் விழுந்தால், அது மெய்யா பொய்யா என்று ஆராய்வதற்கு முன், அதனால் லாபம் அடைபவர் யார் என்று கேளுங்கள். புகழ் காதில் விழுந்தாலும் அவ்வாறே கேளுங்கள். மற்றதெல்லாம் அவள் செய்த வேலையைக் கொண்டு தீர்ப்புச் செய்யத்தக்கது. மங்கம்மாள் எக்கையால் வெற்றிலை போட்டார் என்பதை இன்று எவரும் பொருட்படுத்துவதில்லை. சாலையில் நடப்பவன் சாலையைத்தான் அறிவான். அந்த நியாயம் முந்நூறு வருஷம் கழித்து இறந்தவருக்குக் கிடைத்தது. உயிரோடிருப்பவர்களுக்கு அதை உடனே வழங்குவது நம் கையில் இருக்கிறது.