பூந்திக்கொட்டை செய்யும் வேலை

நாட்டு மருந்துக் கடைகளில் பழுப்பு நிறத்தில் சுருங்கிக் கிடக்கும் பூந்திக்கொட்டையின் நினைப்பு, பட்டுச்சேலை துவைக்கும்போதுதான் நமக்கு வருகிறது. நகைத் தொழிலாளர்கள் மறக்கவில்லை. தங்கத்தையும் வெள்ளியையும் துலக்க அதன் ஊறல் நீரைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். சமையலறை மேடை, தரை, ஜன்னல் கண்ணாடி, பாத்திரம் என வீட்டுச் சுத்தத்தில் பெரும்பகுதியை அதை நம்பி ஒப்படைக்கலாம். பாட்டி காலத்துப் பொருள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அதற்குள் இருக்கும் வேதியியல் அத்தனை உறுதியானது.

தென்னிந்தியாவில் வளரும் பூந்திக்கொட்டை மரத்துக்குச் சபின்டஸ் டிரைஃபோலியேட்டஸ் என்று பெயர். இமயமலை அடிவாரத்தில் வளரும் அதன் உறவு மரத்தின் காயைத்தான் வடநாட்டில் ரீட்டா என்கிறார்கள். லிச்சிப் பழமும் இதே குடும்பம்தான். பூந்திக்கொட்டையின் தோலில் சபோனின் என்ற பொருள் நிறைய இருக்கிறது. சபோனின் மூலக்கூறின் ஒரு பக்கம் சர்க்கரையால் ஆனது. அது தண்ணீரை நாடும். மறுபக்கம் எண்ணெயோடு ஒட்டிக்கொள்ளும். பிசுக்கின் மேல் இந்தக் கரைசல் பட்டதும் மூலக்கூறுகள் எண்ணெயைச் சூழ்ந்துகொண்டு, அதைச் சிறு சிறு துளிகளாக உடைத்துத் தண்ணீரோடு போகவிடுகின்றன. கடையில் வாங்கும் பாத்திரம் கழுவும் திரவமும் இதே முறையில்தான் வேலை செய்கிறது.

போர் தண்ணீரை நம்பி வாழும் ஊர்களுக்கு இதில் இன்னொரு லாபம் உண்டு. உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காமல் திரிந்துபோவதைப் பார்த்திருப்பீர்கள். நீரிலுள்ள கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, கரையாத வெள்ளைப் படிவாகி வாளியிலும் தரையிலும் ஒட்டிக்கொள்ளும். சபோனின் அப்படித் திரிந்து படிவதில்லை.

செய்முறை எளிது. பத்துப் பதினைந்து காய்களை உடைத்து விதையை எடுத்துவிடுங்கள், சத்து தோலில்தான். ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, காலையில் இருபது நிமிடம் கொதிக்கவிட்டு, ஆறியதும் பிசைந்து வடிகட்டுங்கள். பாதிப் பாத்திரத்துக்கு மேல் தண்ணீர் வேண்டாம், பொங்கி வழியும். நம் வெயிலுக்கு இரண்டு மூன்று நாளில் புளித்துவிடும் என்பதால் குளிர்பதனப் பெட்டியில் வையுங்கள். விளம்பரம் பழக்கிய அளவுக்கு நுரை வராது. அழுக்கு போகிறதா என்பதை மட்டும் பாருங்கள். கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். வெள்ளைத் துணியில் இதன் பழுப்பு நிறம் ஏறக்கூடும்.

எல்லாக் கறைக்கும் இது மருந்தல்ல. குழாயைச் சுற்றிப் படியும் உப்புக்கறைக்கு அமிலம் வேண்டும். வினிகரில் நனைத்த துணியைச் சுற்றிச் சிறிது நேரம் வைத்தால் கரையும். பித்தளைக்குப் புளி. ஆனால் இதே வினிகரையும் எலுமிச்சையையும் பளிங்குத் தரையிலும் மொசைக்கிலும் ஊற்றினால் கல்லே அரிக்கப்பட்டு மெருகு போய்விடும், ஏனென்றால் உப்புக்கறையைப் போலவே பளிங்கும் கால்சியம் கார்பனேட்தான். வினிகரோடு சமையல் சோடாவைக் கலந்து பொங்கவைப்பதை இப்போது பலர் பரிந்துரைக்கிறார்கள். இரண்டும் ஒன்றையொன்று முறித்துக்கொள்வதால் மிஞ்சுவது பெரும்பாலும் உப்புக் கலந்த தண்ணீர். தனித்தனியாகப் பயன்படுத்தினால் இரண்டுமே நல்ல வேலைக்காரர்கள்.

வீட்டில் வாந்திபேதி நோயாளி இருந்தால் பூந்திக்கொட்டையை நம்பி இருக்காதீர்கள். அழுக்கு போவது வேறு, கிருமி சாவது வேறு. அங்கே பிளீச்சிங் பவுடர் கரைசல்தான் தேவை. அதோடு வினிகரையோ கழிப்பறை ஆசிட்டையோ ஒருபோதும் சேர்க்கக் கூடாது. நுரையீரலைத் தாக்கும் குளோரின் வாயு கிளம்பும்.

இயற்கைப் பொருள் என்றாலே தீங்கற்றது என்று நினைப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். சபோனின் மீன்களின் செவுள்களைச் சேதப்படுத்தும்; சபோனின் உள்ள செடிகளை இடித்து நீரில் போட்டு மீன்களை மயக்கிப் பிடிக்கும் வழக்கம் பல நாடுகளில் இருந்திருக்கிறது. மண்ணில் விழும் சபோனினை நுண்ணுயிர்கள் சிதைத்துவிடும். ஆகவே மிஞ்சிய கரைசலை நன்றாக நீர்க்கச் செய்து தோட்டத்து மண்ணில் ஊற்றுங்கள், பிழிந்த தோலை எருக்குழியில் போடுங்கள். கிணறு, குளம், மீன் விட்ட அல்லித்தொட்டி எதிலும் அது கலக்க வேண்டாம்.