சாப் 9000 டர்போ

சாப் 9000 என்பது சுவீடனின் சாப் நிறுவனம் 1984-இல் அறிமுகப்படுத்திய மகிழுந்து. செடான் வடிவம் 1988-இல்தான் வந்தது. அடித்தளத்தை ஃபியட் குரோமா, லான்சியா தீமா ஆகியவற்றுடன் பகிர்ந்துகொண்டது.

இரண்டு லிட்டர், நான்கு உருளை, 16 வால்வுப் பொறிதான். ஆனால் டர்போவினால் 175 குதிரைத்திறன் கிடைத்தது. வெளியேறும் புகை ஒரு விசையாழியைச் சுழற்ற, அது கூடுதல் காற்றை உருளைக்குள் அழுத்தும். அழுத்தம் மிகுந்தால் ஆபத்து: தீச்சுடர் எட்டும் முன்பே கலவையின் ஒரு பகுதி தானாக வெடிக்கும். பொறிக்குள் சுத்தியல் அடிப்பது போன்ற ஓசை கேட்கும். நீடித்தால் பிஸ்டனே சிதையும்.

இதற்குச் சாப் கண்ட வழியே மாணவர்கள் கவனிக்க வேண்டியது. பொறியில் பொருத்திய உணரி அந்த அதிர்வை உணர்ந்ததும், ஏ.பி.சி. என்னும் மின்னணுக் கட்டுப்பாடு டர்போ அழுத்தத்தைக் குறைத்துவிடும். ஆகவே தரம் குறைந்த பெட்ரோல் ஊற்றினாலும் பொறி தப்பிக்கும்; திறன் மட்டும் சற்றுக் குறையும்.