வழியில் டயர் பஞ்சரானால்...

கோடை விடுமுறைக்கு ஊருக்குப் போவதென்றால் ஒரு காலத்தில் மும்பைத் தமிழ்க் குடும்பங்களுக்கு ரயில் ஒன்றுதான் கதி. இப்போது பிள்ளைகள் எல்லோரும் கார் வைத்திருக்கிறார்கள். விடியற்காலை மூன்று மணிக்குப் புளியோதரையும் தயிர்சாதமும் கட்டிக்கொண்டு புறப்பட்டு, 48ஆம் எண் தேசிய நெடுஞ்சாலையில் புனே, கோலாப்பூர், பெளகாவி, ஹூப்ளி, பெங்களூரு என்று 1,300 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிச் சென்னை போய்ச் சேருகிறார்கள். 36 வருஷம் ரயில்வேயில் ஊழியம் செய்தவன் என்ற முறையில் எனக்கு இதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு. அது கிடக்கட்டும்.

விடுமுறை முடிந்து சங்கத்தில் கூடும்போது பயணக் கதைகள் நிறையக் கேட்கிறேன். "நடுவழியில் டயர் போயிடுச்சு மாமா, ஓரமா நிறுத்தி இருபதே நிமிஷத்தில் ஸ்டெப்னி மாத்திட்டேன்" என்று பெருமையாகச் சொல்லும் இளைஞர்களிடம் நான் தவறாமல் ஒரு கேள்வி கேட்பேன். "அந்த இருபது நிமிஷமும் உன் பெண்டாட்டியும் குழந்தையும் எங்கே இருந்தார்கள்?" பெரும்பாலும் வரும் பதில், "வண்டிக்குள்ளேதான் மாமா, வெளியே ஒரே வெயில்" என்பது. இந்தக் கட்டுரையை எழுதத் தூண்டியது அந்தப் பதில்தான். நட்டைக் கழற்றி மாட்டுவது பெரிய வித்தை அல்ல. அந்த நேரத்தில் நான்கு உயிர்களைப் பத்திரமாக வைத்துக்கொள்வதுதான் காரியம்.

ரயில்வேயில் ஒரு விதி உண்டு. நடுவழியில் வண்டி நின்று, பக்கத்துத் தண்டவாளத்துக்கும் ஆபத்து என்று தெரிந்தால், முதல் வேலை பழுதைப் பார்ப்பதல்ல. வருகிற வண்டியை எச்சரிப்பதுதான். அகலப்பாதையில் 600 மீட்டர் தள்ளி ஒரு டெட்டனேட்டர், 1,200 மீட்டரில் பத்துப் பத்து மீட்டர் இடைவெளியில் மூன்று டெட்டனேட்டர் என்று தண்டவாளத்தில் வைக்க வேண்டும். சக்கரம் ஏறினால் வெடிச்சத்தம் கேட்டு வருகிற டிரைவர் பிரேக் போடுவார். மழையோ நள்ளிரவோ, அவ்வளவு தூரமும் ஆள் நடந்துதான் போக வேண்டும். சாலையில் டயர் பஞ்சரானாலும் இந்த வரிசைதான் சரி: முதலில் பாதுகாப்பு, பிறகு பழுது.

டயரில் காற்றுப் போவது தெரிந்தவுடன் பதறிப்போய் பிரேக்கை மிதிக்காதீர்கள். ஸ்டீயரிங்கை இரண்டு கையாலும் நேராகப் பிடித்து, ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, இடது பக்கம் சிக்னல் போட்டு மெதுவாக ஒதுங்குங்கள். நின்ற இடத்திலேயே மாற்ற வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. வளைவிலோ, பாலத்தின் மேலோ, ஓரம் இல்லாத இடத்திலோ மாட்டிக்கொண்டால், காற்றில்லாத டயரிலேயே நடைவேகத்தில் உருட்டிக்கொண்டு சமதளமான, அகலமான இடத்துக்குப் போய்விடுங்கள். டயர் கிழியும், ரிம் நெளியும், போகட்டும். ரிம் கடையில் கிடைக்கும்.

நிறுத்தியதும் நான்கு சிக்னல் விளக்குகளையும் ஒன்றாக எரியவிடுங்கள். எல்லோரும் இடது பக்கக் கதவு வழியாகவே இறங்க வேண்டும். இறங்கியவர்கள் வண்டிக்கு முன்னாலோ பின்னாலோ நிற்கக்கூடாது. சாலையோரத்து இரும்புத் தடுப்புக்கு அப்பால், வண்டிக்குப் பல அடி பின்தள்ளி, அதாவது போக்குவரத்து வருகிற திசைப் பக்கமாக, நிற்கட்டும். ஏன் பின்தள்ளி? பின்னாலிருந்து ஒரு லாரி மோதினால் நம் கார் முன்பக்கமாகத்தான் தூக்கி எறியப்படும்.

எங்கள் கட்டடத்திலேயே ஒரு குடும்பம். மழைக்காலத்து மாலை நேரத்தில், மலைப்பாதையில் டயர் போய்விட்டது. தூறல் என்பதால் எல்லோரும் உள்ளேயே உட்கார்ந்திருக்கப் பார்த்தார்கள். கூட வந்திருந்த பாட்டி மட்டும், "நின்ன வண்டியில எனக்கு மூச்சு முட்டுது, நான் இறங்கறேன்" என்று பிடிவாதம் பிடித்துக் குழந்தைகளையும் இழுத்துக்கொண்டு தடுப்புக்கு அப்பால் போய்க் குடையை விரித்து நின்றுவிட்டார். மருமகளும் வேறு வழியில்லாமல் பின்னால் போனாள். மகன் ஜாக்கியைத் தேடி டிக்கியைத் திறக்கப் போன சமயம், பின்னால் வந்த ஒரு டெம்போ காரின் வலதுபுறத்தை உரசி, பின்கதவைப் பிய்த்துக்கொண்டு போனது. அந்தக் கதவின் ஓரத்தில்தான் பெண் குழந்தை அதுவரை உட்கார்ந்திருந்தது. மகனுக்குத் தோள்பட்டையில் அடி. மற்றவர்களுக்கு ஒன்றுமில்லை.

அடுத்தது முக்கோண எச்சரிக்கைப் பலகை. புதுக் கார் வாங்கும்போதே கொடுத்திருப்பார்கள். பலருடைய வண்டியில் அது பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்காமல் கிடக்கிறது. வண்டிக்குப் பின்னால் நாலடியில் வைத்தால் பிரயோஜனம் இல்லை. கணக்குப் போட்டுப் பார்ப்போம். மும்பை-புனே விரைவுச்சாலையில் 100 கி.மீ. வேகத்தில் வரும் கார் ஒரு விநாடிக்கு 28 மீட்டர் ஓடுகிறது. டிரைவர் கண்ணால் பார்த்து, மனதில் வாங்கி, பிரேக்கை மிதிக்க ஒன்றரை விநாடி என்றால் அதற்குள் 40 மீட்டர் போய்விடும். பிறகு காய்ந்த சாலையிலேயே நிற்க இன்னும் 55 மீட்டராவது வேண்டும். ஈரச் சாலை என்றால் இதற்கும் மேல். ஆகவே விரைவுச்சாலையில் 100 மீட்டர், சாதாரண நெடுஞ்சாலையில் 50 மீட்டர் பின்னால் வையுங்கள். நிதானமாக நடந்தால் 130 எட்டு வைத்தால் 100 மீட்டர். வளைவு என்றால் வளைவுக்கு முன்னாலேயே இருக்க வேண்டும். பலகையை மார்புக்கு நேரே பிடித்துக்கொண்டு, தடுப்புக்கு வெளிப்புறமாக நடந்து போங்கள். நம் ஊர்களில் லாரிக்காரர்கள் மரக்கிளையையும் பெரிய கற்களையும் வைத்துவிட்டு, வேலை முடிந்ததும் அப்படியே விட்டுவிட்டுப் போகிறார்கள். இரவில் மோட்டார்சைக்கிளில் வருபவனுக்கு அந்தக் கல் எமன். தயவுசெய்து அந்த வழக்கம் நமக்கு வேண்டாம்.

இனி வண்டியை அசையாமல் நிறுத்தும் விஷயம். ஹாண்ட் பிரேக் போட்டாயிற்றே, பிறகு எதற்குக் கியர் என்று கேட்கிறார்கள். நம்முடைய கார்களில் பெரும்பாலானவற்றில் ஹாண்ட் பிரேக் பின்சக்கரங்களை மட்டுமே பிடிக்கிறது. என்ஜினோ முன்சக்கரங்களைச் சுழற்றுகிறது. பின்சக்கரம் ஒன்றைத் தூக்கினால், ஹாண்ட் பிரேக் பிடித்திருக்கும் இரண்டில் ஒன்று அந்தரத்தில் போய்விடுகிறது. அப்போது கியரில் இருக்கும் முன்சக்கரங்கள்தான் துணை. மாறாக, முன்சக்கரம் ஒன்றைத் தூக்கினால் கியர் உதவாது. டிஃபரென்ஷியல் என்ற அமைப்பு, அந்தரத்தில் இருக்கும் சக்கரத்தைத் தலைகீழாகச் சுற்றவிட்டு, தரையில் இருக்கும் சக்கரத்தை உருளவிட்டுவிடும். அப்போது ஹாண்ட் பிரேக்தான் காப்பாற்ற வேண்டும். ஆகவே இரண்டும் தேவை. ஆட்டோமேடிக் கார் என்றால் 'பி'யில் போட்டு ஹாண்ட் பிரேக். அதோடு, தூக்கப்போகும் சக்கரத்துக்குக் குறுக்கே எதிர்மூலையில் இருக்கும் சக்கரத்துக்கு முன்னும் பின்னும் ஒவ்வொரு கல். ரயில் பெட்டியை நிறுத்தி வைக்கும்போது ஹாண்ட் பிரேக், சக்கரத்தடியில் கட்டை, போதாததற்குச் சங்கிலியும் பூட்டும் போடுவோம். அசையாது என்று நினைக்கும் பாரம்தான் அசையும்.

ஜாக்கி வைப்பதற்கு முன், சக்கரம் தரையில் இருக்கும்போதே நட்டுகளை அரைச்சுற்று தளர்த்திவிடுங்கள். தூக்கிய பிறகு தளர்த்தப் போனால் சக்கரம் சுற்றும். தவிர, ஜாக்கியின் மேல் நிற்கும் வண்டியை நீங்களே பிடித்து ஆட்டுகிறீர்கள் என்று அர்த்தம். முற்றிலும் கழற்றிவிட வேண்டாம், இளகினால் போதும்.

ஜாக்கி எங்கே வைப்பது என்று வண்டியின் கையேட்டில் படம் இருக்கும். பொதுவாகக் கதவுக்குக் கீழே, சக்கரத்தை ஒட்டியுள்ள விளிம்பில் வெட்டு அடையாளம் தெரியும். வேறு இடத்தில் வைத்தால் தகடு உள்வாங்கி வண்டி சரியும். மண் தரை என்றால் ஜாக்கிக்கு அடியில் பலகை வேண்டும். ஒரு அடி சதுரத்தில், முக்கால் அங்குல கனத்தில் பிளைவுட் துண்டு ஒன்றைத் தச்சரிடம் கேட்டு வாங்கி டிக்கியில் போட்டு வையுங்கள். கொங்கணத்து மழையில் ஊறிய மண்ணில் ஜாக்கி அப்படியே அமிழும். நான் வேலை பார்த்த ஒரு பணிமனையில், கட்டை வைக்காமல் மண்ணில் நிறுத்திய ஜாக்கி சாய்ந்து, கலாசி ஒருவர் இரண்டு கால்விரல்களை இழந்தார். ஜாக்கி என்பது தூக்குவதற்கு மட்டும், தாங்குவதற்கு அல்ல. கழற்றும் வரை ஸ்டெப்னியையும், கழற்றியபின் பஞ்சரான சக்கரத்தையும் வண்டியின் விளிம்புக்கு அடியில் படுக்கப் போட்டு வைத்தால், ஜாக்கி நழுவினாலும் வண்டி அதன் மேல்தான் உட்காரும். கையையோ காலையோ அடியில் விடாதீர்கள், உருண்டோடிய நட்டை எடுக்கக்கூட.

ஸ்டெப்னி என்ற சொல்லைப் பற்றி ஒரு வார்த்தை. வேல்ஸ் நாட்டில் லனெத்லி என்ற ஊரில் ஸ்டெப்னி தெரு என்று ஒன்று. 1904இல் அங்கே டேவிஸ் சகோதரர்கள் உதிரிச் சக்கரம் தயாரித்து, தெருவின் பெயரையே வைத்தார்கள். அங்கே அந்தப் பேச்சு எப்போதோ ஓய்ந்துவிட்டது. நம் நாட்டில் பஞ்சர் கடைப் பையன் முதல் பெரிய இன்ஜினியர் வரை எல்லோர் வாயிலும் வாழ்கிறது.

ஸ்டெப்னியை மாட்டும்போது நட்டின் கூம்பிய பக்கம் சக்கரத்தைப் பார்த்து இருக்க வேண்டும். முதலில் எல்லாவற்றையும் கையாலேயே முடிந்தவரை திருகி, வண்டியை இறக்கி, டயர் தரையில் பதிந்த பிறகு ஸ்பானர் போடுங்கள். அடுத்தடுத்து இறுக்காமல் எதிரெதிராக, குறுக்காக இறுக்கினால்தான் சக்கரம் சமமாக உட்காரும். எவ்வளவு இறுக்குவது? சிறிய, நடுத்தரக் கார்களுக்குப் பெரும்பாலும் 85 முதல் 110 நியூட்டன் மீட்டர். 25 சென்டிமீட்டர் நீள ஸ்பானரின் நுனியில் 40 கிலோ எடை அழுத்தினால் ஏறக்குறைய 100 வந்துவிடும். அதாவது ஒரு ஆண்பிள்ளை கையால் நன்றாக அழுத்தினால் போதும். சிலர் ஸ்பானர் மேல் ஏறி நின்று குதிக்கிறார்கள். 70 கிலோ ஆள் சும்மா நின்றாலே 170ஐத் தாண்டும், ஸ்டட் இழுபட்டுவிடும். மரையில் எண்ணெயோ கிரீஸோ தடவுவதும் வேண்டாம். வழுக்கலில் அதே அழுத்தத்துக்கு அதிகமாக இறுகும்.

இத்தனை சொன்ன பிறகு இன்னொன்றும் சொல்கிறேன். வலது பக்கச் சக்கரம் போய், ஓரம் குறுகலாக, வண்டிகள் சீறிக்கொண்டு போகிற இடம் என்றால் நீங்கள் மாற்றவே வேண்டாம். முதுகைப் போக்குவரத்துக்குக் காட்டி உட்காருகிற வேலை அது. தடுப்புக்கு அப்பால் போய் நின்று, தேசிய நெடுஞ்சாலை என்றால் 1033க்கும், எந்த இடமானாலும் 112க்கும் போன் செய்யுங்கள். கிலோமீட்டர் கல்லின் எண்ணைச் சொன்னால் சீக்கிரம் வருவார்கள். இது பெண்களுக்கு மட்டும் சொல்வது அல்ல, பயில்வான்களுக்கும் சேர்த்துத்தான்.

புறப்படுவதற்கு முன் வீட்டு வாசலிலேயே பார்க்க வேண்டியவை சில. ஸ்டெப்னி இருக்கிறதா? 2020இல் மாறிய விதிப்படி, காற்றழுத்தம் காட்டும் கருவியும் பஞ்சர் ஒட்டும் சாமானும் கொடுத்தால் கம்பெனிகள் ஸ்டெப்னி தராமலே கார் விற்கலாம். இருந்தால், அதில் காற்று இருக்கிறதா? நம் பக்கத்தில் சி.என்.ஜி. கார்கள் அதிகம், சிலிண்டர் டிக்கியை அடைத்துக்கொண்டிருக்க, ஸ்டெப்னியை எப்படி வெளியே எடுப்பது என்று ஒருமுறை எடுத்தே பார்த்துவிடுங்கள். பல புதுக் கார்களில் ஸ்டெப்னி மற்றவற்றைவிடச் சிறியது; பெரும்பாலும் 80 கி.மீ. வேகத்துக்கு மேல் கூடாது என்று அதன்மேலேயே ஒட்டியிருக்கும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் தெரியும்: 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் தயாரானது. பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படியே அந்த டயர் ஓடக்கூடாது. காற்று குறைவாக இருந்தால் டயரின் பக்கச்சுவர் மடங்கி மடங்கிச் சூடேறும். கோடையில் வேகமாக ஓட்டும்போது டயர் வெடிப்பதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம்.

ட்யூப் இல்லாத டயரில் ஆணி ஏறியிருந்தால் பிடுங்காதீர்கள். ஆணியே ஓட்டையை ஓரளவு அடைத்துக்கொண்டிருக்கும். 12 வோல்ட் பம்பு ஒன்று வைத்திருந்தால் காற்று ஏற்றிக்கொண்டு, மெதுவாக அடுத்த டயர் கடை வரை போய்விடலாம். மகாராஷ்டிர நெடுஞ்சாலைகளில் இந்தக் கடைகள் பலவற்றை மலையாளிகள் நடத்துகிறார்கள். "சேட்டா" என்று கூப்பிட்டுத் தமிழில் பேசினாலே வேலை நடக்கும். ஸ்டெப்னி மாட்டியிருந்தால் 50 கிலோமீட்டருக்குள் ஒரு இடத்தில் நிறுத்தி நட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள். பஞ்சரான டயரையும் அன்றைக்கே ஒட்டி வாங்கிக்கொண்டு மேலே புறப்படுங்கள்.