போட்டோ ‘ஷார்ப்’பா இல்லையா? போனை மாத்துறதுக்கு முன்னாடி இதைப் படிங்க!

ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியாவின் செல்போன் தொழிற்சாலை 2006-ல் திறக்கப்பட்டு, 2014-ல் மூடப்பட்டது. ஆனாலும் செல்போன் தொழில் அந்த வட்டாரத்தை விட்டுப் போகவில்லை. இன்று பக்கத்திலுள்ள சுங்குவார்சத்திரத்தில், ஃபாக்ஸ்கான் ஆலையில் ஐபோன்கள் தயாராகின்றன.

2022-ல் அங்கே தயாரான ஐபோன் 14-ன் பிரதான கேமரா 12 மெகாபிக்ஸல். அடுத்த வருடமே வந்த ஐபோன் 15-ல் 48 மெகாபிக்ஸல். அப்படியென்றால், போட்டோவும் நான்கு மடங்கு ‘ஷார்ப்’ ஆகிவிட்டதா? அதுதான் இல்லை!

30 லட்சம் புள்ளிகள்தான்

48 மெகாபிக்ஸல் என்றால் 4.8 கோடி புள்ளிகள். ஆனால், ஐபோன் 15-ன் திரையில் இருப்பதே சுமார் 30 லட்சம் புள்ளிகள்தான். முழுப் படத்தையும் திரையில் பார்க்கும்போது, அதில் அதிகபட்சம் 16-ல் ஒரு பங்குதான் கண்ணுக்கு வந்து சேருகிறது. மிச்சமெல்லாம் படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கவும், பெரிய அளவில் பிரின்ட் போடவும்தான் உதவும்.

கண் எதை ‘ஷார்ப்’ என்கிறது?

கோடக் நிறுவன ஆய்வாளர்கள் ஹிக்கின்ஸ், ஜோன்ஸ் இருவரும் 1952-லேயே இதை ஆராய்ந்தார்கள். நுணுக்கமான கோடுகளைப் பிரித்துக் காட்டும் திறனை மட்டும் வைத்து, ஒரு படம் ‘ஷார்ப்’பாகத் தெரியுமா என்று சொல்லிவிட முடியாது, வெளிச்சமும் இருட்டும் சந்திக்கும் ஓரம் எவ்வளவு பளிச்சென்று மாறுகிறது என்பதே முக்கியம் என்று கண்டார்கள்.

சாணம் தெளித்த வாசலில் போட்ட கோலம் எடுப்பாகத் தெரியும். அதே மாவு, அதே கை, வெளிறிய சிமென்ட் தரையில் மங்கிப்போகும். விஷயம் அவ்வளவுதான்.

செல்போன் மென்பொருளும் இந்த வித்தையைத்தான் செய்கிறது. ஓரத்தின் ஒரு பக்கத்தைக் கொஞ்சம் இருட்டாக்கி, மறுபக்கத்தை வெளிச்சமாக்குகிறது. அளவு மீறினால், கோயில் கோபுரத்தைச் சுற்றி வெள்ளைக்கோடு தெரியும்.

காசில்லாத வைத்தியம்

* லென்ஸைப் பருத்தித் துணியால் துடையுங்கள். விரல் ரேகையின் எண்ணெய்ப் பிசுக்கு வெளிச்சத்தைச் சிதறடித்து, படத்தை வெளிறச் செய்யும்.

* வெளிச்சம் குறைவான இடத்தில் முழங்கையைச் சுவரிலோ மேஜையிலோ ஊன்றிக்கொண்டு எடுங்கள். கை ஆட்டம் குறையும்.

* யாரை எடுக்கிறீர்களோ, அவர் முகத்தைத் திரையில் தொட்டு ஃபோகஸ் செய்யுங்கள்.

* வாட்ஸ்அப் படங்களைச் சுருக்கித்தான் அனுப்பும். முக்கியமான படங்களை ‘டாக்குமென்ட்’டாக அனுப்புங்கள்.

* கடையில் மெகாபிக்ஸலை மட்டும் கேட்காமல், வெளிச்சம் குறைந்த மூலையில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள்.

இன்னொன்று... 40 வயதைத் தாண்டியவர்களுக்குப் பக்கத்துப் பார்வை குறைவது இயல்பு. எல்லா போட்டோவும் மங்கலாகத் தெரிந்து, மாத்திரை அட்டையின் எழுத்தும் மங்கினால் பழுது போனில் இல்லை. இ.எம்.ஐ-யில் புது போன் வாங்கும் முன், ஒரு தடவை கண் டாக்டரைப் பார்த்துவிடுங்கள்!