அரிஷ்டம் புளிப்பது எப்படி?

சாராயம் காய்ச்சி வடிக்கப்படுவது. அரிஷ்டமோ வடிக்கப்படுவதில்லை, அதில் ஆல்கஹால் தானாகவே உண்டாகிறது.

மூலிகைகளை நீரிலிட்டு, கால் பங்காகச் சுண்டக் காய்ச்சி வடிகட்டுவர். நன்கு ஆறியபின் வெல்லமும், காட்டாத்தி எனப்படும் தாதகிப் பூவும் சேர்ப்பர். காய்ந்த பூவில் ஒட்டியுள்ள ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர், வெல்லத்தின் சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. கஷாயம் சூடாக இருந்தால் ஈஸ்ட் மடிந்துவிடும்.

மண்பானை அல்லது பீங்கான் ஜாடியில் கால் பாகம் காலியாக விட்டு ஊற்ற வேண்டும். செம்பு, பித்தளைப் பாத்திரங்களைப் புளிப்பு அரிக்குமாதலால் அவை ஆகா. வாயை மூடிச் சீலைமண் செய்து, சுமார் ஒரு மாதம் வைப்பர்.

பின்னர் திறந்து, எரியும் தீக்குச்சியை ஜாடியின் வாய்க்குள் காட்டுக. அணைந்தால் கரியமில வாயு இன்னும் வெளிவருகிறது என்று பொருள். அணையாது எரிந்தால் புளிப்பு முடிந்தது. உடனே வடிகட்டிப் புட்டியில் அடைக்க வேண்டும். காற்றுப்பட விட்டால் காடியாகிவிடும்.

வீரியம் கூடும் என்றெண்ணி இதை வாலையிலிட்டு வடிப்பது தமிழ்நாட்டில் குற்றம். வீரியத்திற்கென மெத்தனால் கலந்த சாராயம் 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. அரிஷ்டத்தைத் தயாரித்து விற்க உரிமம் தேவை. மருந்தாயினும் ஆல்கஹால் உள்ளதால், மருத்துவர் கூறாமல் கர்ப்பிணிகளுக்கும் குழந்தைகளுக்கும் கொடுக்கலாகாது.