தகவல் துளி: குறட்டை திடீரென நின்றால்?

பக்கத்தில் படுத்திருப்பவரின் குறட்டை சட்டென்று நின்று, பத்து விநாடிக்கு மேல் மூச்சே இல்லாமல், பிறகு திணறலோடு மறுபடி தொடங்குகிறதா? அது உறக்க மூச்சுத்தடையாக இருக்கலாம்.

தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுவழி அடைபடுகிறது. இரத்தத்தில் ஒட்சிசன் குறைகிறது, அட்ரினலின் சுரக்கிறது, பிரஷர் ஏறுகிறது. நோய் கடுமையானால் மணிக்கு 30 தடவைக்கு மேலும் இப்படி நடக்கும். இளைப்பாற வேண்டிய இதயம் விடியும்வரை மல்லுக்கட்டுகிறது.

இதயத்துக்குத் துணையாக நாம் செய்யக்கூடியவை சில உண்டு. பொற்றாசியம் பிரஷரைத் தணிக்க உதவும். மக்னீசியம் இதயத் துடிப்பு சீராக இருக்கத் தேவை. முருங்கைக்கீரை, பயறு, வாழைப்பழம், செவ்விளநீர் எல்லாவற்றிலும் இந்தக் கனிமங்கள் உண்டு. சிறுநீரக நோயாளர்கள் மட்டும் வைத்தியரைக் கேட்டே சாப்பிடவேண்டும். கருவாட்டையும் ஊறுகாயையும் குறையுங்கள்; உப்பு நாளுக்கு 5 கிராமுக்குள் இருக்கட்டும்.

வாரத்துக்கு 150 நிமிட வேகநடையும் அவசியம். கொழும்பு ஜிந்துப்பிட்டித் தெருக்கள் நெரிசல் என்றால் காலிமுகத்திடல் தூரமில்லை. எடை குறையாவிட்டாலும் உடற்பயிற்சி மூச்சுத்தடையைத் தணிப்பதாக ஆய்வுகள் காட்டியுள்ளன.

ஆனால் கீரையும் நடையும் மட்டும் அடைப்பைத் திறந்துவிடாது. அதற்கு 1981இல் அவுஸ்திரேலிய வைத்தியர் கொலின் சலிவன் அறிமுகப்படுத்திய காற்றழுத்த முகமூடி போன்ற சிகிச்சை தேவைப்படலாம். குறட்டையைக் கைத்தொலைபேசியில் பதிவு செய்து வைத்தியரிடம் காட்டுங்கள்.