வேருக்குள் நடக்கும் காவல்

மேலநீலிதநல்லூர் வட்டாரத்தின் தரிசுகளிலும் கண்மாய்க் கரைகளிலும் சீமைக்கருவேலம் கடுங்கோடையிலும் பச்சை மாறாமல் நிற்பதற்கு, அதன் வேர் ஆழத்துக்கு இறங்கி நீரைத் தேடுவதே காரணம் என்பார்கள். அது உண்மைதான் என்றாலும், வேரின் வாழ்வில் அது ஒரு பகுதி மட்டுமே. மண்ணிலுள்ள பூஞ்சைகள் இளவேர்களுக்குள் நுழைய ஓயாமல் முயல்வதும், வேரின் உயிரணுக்கள் அவற்றை எதிர்கொள்வதும் அதே மண்ணுக்குள் நடக்கும் மற்றொரு பகுதியாகும். அப்படி நுழைந்தபின், நோய்க்குறி எதையும் உண்டாக்காமல் தாவரத் திசுவுக்குள் தங்கி வாழ்பவை உள்வாழ் பூஞ்சைகள் எனப்படும்.

இவற்றுள் உலகெங்கும் விரிவாக ஆராயப்பட்ட ஒன்று இந்தியாவில் கண்டறியப்பட்டது. ராஜஸ்தானின் தார்ப் பாலைவனத்தில், சீமைக்கருவேலம், இலந்தையின் ஒரு வகை ஆகியவற்றின் வேரடி மண்ணிலிருந்து அஜித் வர்மா குழுவினர் பிரித்தெடுத்து, 1998இல் பிரிஃபார்மோஸ்போரா இண்டிகா என்று பெயரிட்டு விவரித்த இப்பூஞ்சை, இப்போது செரண்டிபிட்டா இண்டிகா என வழங்குகிறது. பயிர்கள் பலவற்றின் வளர்ச்சியைக் கூட்டுவதால் இது நன்மை செய்யும் பூஞ்சையாகக் கருதப்படுகிறது. ஆனால் வேர் இதைத் தொடக்கத்தில் நண்பனாக ஏற்பதில்லை.

பூஞ்சையின் சுவரில் கைட்டின் என்னும் சர்க்கரைச் சங்கிலி உண்டு. தாவரங்களில் அது இல்லை. ஆகவே, வேரணுவின் மேற்பரப்பிலுள்ள ஏற்பிப் புரதங்கள் கைட்டினின் சிறு துணுக்கு ஒட்டியவுடனேயே அந்நியன் வந்ததை உணர்ந்துகொள்கின்றன. அதன்பின் சில நிமிடங்களுக்குள் அணுவினுள் கால்சியம் பெருகுகிறது, ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற வீரியமிக்க ஆக்சிஜன் சேர்மங்கள் வெளிப்படுகின்றன, பின்னர், பூஞ்சையிழை துளைக்க முயலும் இடத்தில் கேலோஸ் என்னும் பொருள் உட்புறமாகக் குவிந்து சுவரைத் தடிக்கச் செய்கிறது. கைட்டினை வெட்டும் நொதிகளும் சுரக்கின்றன. அவை பூஞ்சையின் சுவரை நலிவிப்பதோடு, வெட்டுண்ட துணுக்குகளால் எச்சரிக்கையை மேலும் வலுப்படுத்துகின்றன. தாக்குவதும் அறிவிப்பதும் ஒரே செயலாக அமைந்த இந்த ஏற்பாடு உண்மையிலேயே வியப்புக்குரியது.

இவற்றையெல்லாம் தாண்டும் இழைகள் வேரின் வெளித்தோலிலும் அதனையடுத்த புறணியிலும் பரவுகின்றன. புறணிக்கு உள்ளே அகத்தோல் என்னும் ஒற்றை அடுக்கு, லிக்னின் செறிந்த காஸ்பேரியன் பட்டையாலும் சூபெரின் என்னும் மெழுகுத்தன்மையுள்ள படிவாலும் இறுக அடைக்கப்பட்டிருக்கிறது. நீரும் உணவும் செல்லும் குழாய்த் திசு அதற்குப் பின்னால்தான் உள்ளது. செரண்டிபிட்டா இந்த எல்லையைக் கடப்பதில்லை.

பூஞ்சையும் வாளாவிருப்பதில்லை. தன் சுவரின் குளுக்கான் சர்க்கரையைப் பற்றிக்கொள்ளும் எஃப்ஜிபி1 என்னும் புரதத்தைச் சுரந்து, அந்தச் சர்க்கரை எழுப்பக்கூடிய எச்சரிக்கையை அது அடக்கிவிடுகிறது. அப்படியானால், வேர் எதிர்ப்பை முற்றிலும் கைவிட்டால் இருவருக்கும் நன்மைதானே என்று தோன்றலாம். கடுகுக் குடும்பத்தைச் சேர்ந்த அராபிடாப்சிஸ் என்னும் சிறுசெடியில் நடந்த ஆய்வு இதற்கு நேர்மாறான விடையைத் தந்தது. வேரணுக்களில் சேமிக்கப்படும் பிஒய்கே10 என்ற நொதி இல்லாத செடிகளில் பூஞ்சை அளவுமீறிப் பரவியது. பூஞ்சையால் வழக்கமாகக் கிடைக்கும் வளர்ச்சியோ கிடைக்கவில்லை. எனவே, எதிர்ப்பு நட்புக்குத் தடையாக இருப்பதில்லை, அதுவே நட்பைத் தாங்கி நிற்கிறது என்று கொள்வதே பொருத்தம்.

அந்த நொதி, கடுகுக்குக் காரம் தரும் குளுக்கோசினோலேட் வகைச் சேர்மங்களைப் பிளந்து நச்சுப் பொருள்களை உண்டாக்குவது. சீமைக்கருவேலத்தில் இவ்வகை வேதியியல் இல்லை. வேல மரங்களின் குடும்பம் டானின் முதலிய பீனால் சேர்மங்களையும் ஆல்கலாய்டுகளையும் பெரிதும் நம்பியிருக்கிறது. ஆனால் கொல்லைதோறும் நிற்கும் முருங்கை கடுகோடு ஒரே வரிசையில் வைத்து எண்ணப்படும் மரம். அதன் வேரைக் கடித்தால் நாவில் ஏறும் காரமும் குளுக்கோசினோலேட் பிளவுறுவதால் உண்டாவதே.